தலைவர் பதவியும் தலைமை ஆற்றலும்
1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

தலைவர் என்னும் சொல்லை நாம் இருவகையாக வழங்கி வருகிறோம். சங்கக் கூட்ட அறிக்கையில் முதலாவதாக எழுதப்படும் பெயருக்கு உரியவரும் தலைவர். இக்கட்டான வேளையிலே மக்கள் யாரை எதிர்பார்த்து நிற்கிறார்களோ அவரும் தலைவர். இரண்டும் ஒருவரிடத்தே அமைந்துவிட்டால் தொல்லையில்லை. அமையாது போனால் அதற்குரிய விலையை அவ்விருவருமன்றி, அவர்கள் பின்னே நடந்து சென்ற மக்களே செலுத்த நேர்கிறது. இதனை வெறும் தத்துவமாகப் பேசுவதிற் பயனில்லை. நமது நாட்டு வரலாற்றிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. 1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெல்லசப் பகுதியிலே தொடங்கி, 1818 இறுதியிலே கண்டியின் போகம்பறையில் முடிவுற்ற பெருங்கிளர்ச்சியையே நாம் குறிப்பிடுகிறோம்.

பள்ளிக்கூடத்திலே நாம் படித்த வரலாற்றில் இக்கிளர்ச்சி, நல்லவனும் தீயவனும் கொண்ட ஒரு நாடகம்போல் அமைந்திருந்தது. அரசனென்று பொய் கூறிய ஒருவன், உயிரைத் துச்சமாக மதித்த வீரர் ஒருவர், சூழ்ச்சிமிக்க ஆங்கிலேயர். இவ்வளவே. ஊவாவிலும் வெல்லசவிலும் வயலை விட்டு வில்லை எடுத்த உழவன் அந்நாடகத்தில் மேடையேறவில்லை. அவனையும் மேடையிலே நிறுத்திப் பார்த்தால்தான், தலைவராக இருத்தல் வேறு, தலைமை தாங்கும் ஆற்றல் வேறு என்பது துலங்கும்.

1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியை அடைந்தது. சிறீ விக்கிரம ராஜசிங்கன் 18ஆம் திகதி பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. ஆங்கிலத் தரப்பில் தேசாதிபதி றொபேட் பிரவுண்ரிக்கும், கண்டியின் தரப்பில் அதிகார்களும் திசாவைகளும் அதிலே சம்பந்தப்பட்டனர். நாடு போரினால் வெல்லப்படவில்லை, பிரபுக்களால் ஒப்படைக்கப்பட்டது. அரசனோடு அவர்களுக்குப் பகை இருந்தது. அப்பகைக்குக் காரணங்களும் இருந்தன. ஆனால், கொடுங்கோலனை அகற்றிய பின்னர் ஆங்கிலேயர் கடற்கரைக்குத் திரும்பிவிடுவர், நாடு பழையபடி தம் கையில் இருக்கும் என்ற எண்ணமும் அவர்களுட் பலரிடம் இருந்தது. வந்தவர்கள் போகவில்லை. போவதற்காக எந்த ஏகாதிபத்தியமும் மலையேறுவதில்லை.

இப்பிரபுக்களுள் முதன்மையானவர் எகலப்பொல. அரசனின் முதலாவது அதிகாராக விளங்கியவர். 1814இல் சப்பிரகமுவையிலே கிளர்ந்தெழுந்து, தோல்வியுற்று, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தவர். அதற்குத் தண்டனையாக அவருடைய மனைவியையும் மக்களையும் அரசன் கொல்வித்த கொடுமை இன்றும் நாட்டு மக்களின் நினைவில் நிற்கிறது. அப்பெரும் துயரம் அவர்பால் மக்களுக்கு இரக்கத்தை உண்டாக்கியது. குலப்பெருமையும் இருந்தது; ஆங்கிலேயர் கண்டிக்கு வருவதற்கு வழிகாட்டியவர் என்ற செல்வாக்கும் இருந்தது. 1815க்குப் பின் மலைநாட்டில் 'தலைவர் யார்?' என்று எவரைக் கேட்டிருந்தாலும் எகலப்பொல என்ற பெயரே வந்திருக்கும். அவரோ, முதலாவது அதிகார் பதவியைத் தமக்கு வேண்டாமென்று மறுத்து, ஆங்கில அரசாங்கத்தின் நண்பர் என்று அழைக்கப்படுவதே போதும் என்றார். பதவி மொல்லிகொடவுக்குச் சென்றது. எகலப்பொலவின் மறுப்பு பணிவினால் எழுந்ததன்று. அதிகார் பதவியிலும் மேலான ஒன்றை, வெற்றாய்க் கிடந்த சிங்காசனத்தையே, அவர் எதிர்பார்த்திருந்தார் என்று அக்காலத்தவர் கருதினர். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

எதிர்பார்த்திருந்தார் என்ற சொல்லிலேதான் அவருடைய வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கிளர்ச்சி மூண்டு மலைநாட்டின் பெரும்பகுதி கொந்தளித்தபோதும் அவர் கண்டியிலேயே இருந்தார். கிளர்ச்சிக்காரரோடு சேரவில்லை; அவர்களை அடக்குவதற்கு முழுமனத்தோடு உதவினார் என்றும் கூறமுடியாது. இருதரப்பாரும் தம்மிடம் வந்து சேருவர் என்று காத்திருந்தார் போலும். முடிவில் ஒரு தரப்பு வந்தது: 1818 மார்ச்சில் ஆங்கிலேயர் அவரைக் கைதுசெய்தனர். விசாரணை எதுவும் நடைபெறவில்லை. கொழும்பிலே காவலில் இருந்து, 1825இல் மொரிசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். அவர் செய்த செயலுக்காக ஆங்கிலேயர் அவரைச் சிறைவைக்கவில்லை. அவர் பெயருக்காகவே சிறைவைத்தனர். தலைவர் என்ற பெயரின் வலிமையை அவரைக் காட்டிலும் அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

இனி ஊவாவுக்கு வருவோம். வில்பாவே என்ற ஊரைச் சேர்ந்தவனும், முன்னர்த் துறவியாக இருந்து காவியுடையைக் களைந்தவனுமாகிய ஒருவன் 1817இல் வெல்லசக் காட்டுப்பகுதியிலே தோன்றினான். நாடு கடத்தப்பட்ட அரசனின் சுற்றத்தைச் சேர்ந்த துரைசாமி தானே என்றும், கதிர்காமத் தெய்வம் தன்னை அரசனாகத் தெரிந்தெடுத்தது என்றும் கூறினான். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மதுரை நாயக்கர் வழிவந்தவன் என்ற உரிமையைக் கொண்டாடித்தான் அவன் சிங்கள உழவரிடையே அரசனாக முடிந்தது. அரசன் அந்நியன், தமிழன் என்பதற்காகவே 1815இல் வீழ்த்தப்பட்டான் என்று பிற்காலத்தில் எழுதியோரும், அதே காரணத்துக்காக அவனைத் தமக்குரியவனாக்கிக் கண்ணீர் வடிக்கும் நம்மவர் சிலரும், இரண்டே ஆண்டுகளின் பின் வெல்லச மக்கள் ஏன் ஒரு 'துரைசாமி'யைத் தேடினர் என்பதற்கு மறுமொழி கூறவேண்டும்.

அவனைப் பிடித்துவருமாறு, ஆங்கிலேயரால் வெல்லசவின் முகாந்திரமாக நியமிக்கப்பட்டிருந்த ஹாஜி என்ற முஸ்லிம் அதிகாரி அனுப்பப்பட்டார். அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்நியமனம் உள்ளூர்ப் பிரதானிகளுக்கு முன்பே எரிச்சலூட்டியிருந்தது. தமது ஆணைக்குள் இருந்த முஸ்லிம் மக்கள் தம் கையைவிட்டுப் போயினர் என்பது அவர்களது குறை. பின்னர், பதுளையில் இருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்ரர் டக்ளஸ் வில்சன் நேரிற் சென்றார். அவரும் அம்பெய்து கொல்லப்பட்டார். துப்பாக்கியினால் அன்று, அம்பினால் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

அப்போது ஊவாவின் திசாவையாக இருந்தவர் மொனறவில கெப்பிட்டிப்பொல. 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழுள்ள பெயர்களுள் அவருடையதும் ஒன்று. எகலப்பொலவின் மனைவி, அரசனால் மக்களோடு கொல்லப்பட்ட அப்பெண், அவருடைய உடன்பிறந்தவர். அந்த அரச குடும்பத்தின் பெயரால் ஆயுதமெடுக்க அவரிலும் குறைந்த காரணமுடையவர் எவரும் இல்லை. எனவே ஆங்கிலேயர் அவரை நம்பினர். ஏறத்தாழ 500 பேரைக் கொடுத்து, கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பினர். 1817 நவம்பர் 1ஆம் திகதி அவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். தாம் கொண்டுசென்ற துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும், அவற்றைக் கொடுத்தவருக்கு எதிராக அவர்களுடைய ஆயுதங்களையே பயன்படுத்துவது தகாது எனக் கருதி, ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பினார் என்று வரலாறு கூறுகிறது.

இச்செயலைப் போற்றாதார் இல்லை. நமது மேடைகளிலே இதனைக் கேட்டுக் கைதட்டாத கூட்டமும் இல்லை. நாமும் போற்றுகிறோம், எனினும் சற்று நின்று சிந்திக்கவேண்டியுள்ளது. திசாவை என்ற பதவியை அவர் அன்று துறந்தார். ஆங்கிலேயர் தந்த தலைமையைக் கழற்றி எறிந்த அக்கணத்திலேயே மக்கள் தந்த தலைமை அவரை வந்தடைந்தது. அதுவரை அவருக்கிருந்தது ஆணையின் வலிமை. அதன்பின் இருந்தது நம்பிக்கையின் வலிமை. இது பெரிய மாற்றம். பதவி பறிபோனதும் செயலிழந்து நிற்பவரையே கண்டு பழகிய நமக்கு, பதவியைத் தாமே விட்டெறிந்த பின்னர் வளர்ந்த மனிதர் வியப்பளிக்கிறார். ஆனால், அத்துப்பாக்கிகள் யாருக்குத் தேவைப்பட்டன? வில்லும் அம்பும், ஒரு சில பழைய துப்பாக்கிகளும் கொண்டு, செங்கோட்டுப் படையை எதிர்க்க நின்ற வெல்லச உழவனுக்கு. ஆயுதங்களைத் திருப்பி அனுப்பியபோது திசாவை தமது மானத்தைக் காத்துக்கொண்டார். அம்மானத்துக்கு விலை கொடுத்தவன் உழவன். ஒரு பிரபு தன் நிகரான மற்றொரு பிரபுவிடம் நடந்துகொள்ளும் முறை அது. ஒரு படையின் தலைவன் தன் படைக்குச் செய்யும் முறை அன்று. மனிதருடைய வளர்ப்பும் வர்க்கமும் அவரது மிக உயர்ந்த செயலிலேயே கலந்து நிற்பதை இங்குக் காண்கிறோம்.

ஆயினும் அவருடைய ஆற்றலை மறுப்பதற்கில்லை. அவர் வந்து சேரும்வரை அது ஒரு மூலையில் எழுந்த கலகமாகவே இருந்தது. அவர் வந்தபின் பிரதானிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். 1818ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊவா, வெல்லச, தும்பறை, மாத்தளை, ஏழு கோறளை, நுவரகலாவிய என மலைநாட்டின் பெரும்பகுதி எழுந்து நின்றது. வெளிப்படையான போர்க்களத்தை அவர்கள் தவிர்த்தனர். ஒற்றையடிப் பாதைகளிலும் கணவாய்களிலும் மறைந்திருந்து, உணவும் மருந்தும் சுமந்துவந்த கூட்டங்களைத் தாக்கினர். காய்ச்சலும் வயிற்றோட்டமும் ஆங்கிலப் படையைப் பாதியாய்க் குறைக்கும்போலிருந்தது. தேசாதிபதி பிரவுண்ரிக் தாமே கண்டியிலே தங்கியிருந்து போரை நடத்தவேண்டி வந்தது. சென்னையிலிருந்து சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டனர். தென்னிந்திய உழவனின் மகன் கூலிக்குத் துப்பாக்கி தூக்கி, ஊவா உழவனின் மகனைச் சுட வந்தான். ஏகாதிபத்தியத்தின் சிக்கனம் அத்தகையது.

கொழும்பு - கண்டிப் பாதை மட்டும் துண்டிக்கப்படவில்லை. மூன்று கோறளையிலும் நான்கு கோறளையிலும் தமக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு மொல்லிகொட அப்பகுதிகளை அடக்கி வைத்திருந்தார். கசப்பானதெனினும் இதையும் கூறவேண்டும்: தலைமை ஆற்றல் என்பது எப்போதும் நல்லதன் பக்கமே நிற்கும் என்று எண்ணுவது பேதைமை. மொல்லிகொடவிடம் பதவியும் இருந்தது; ஆற்றலும் இருந்தது. அது யாருக்குப் பயன்பட்டது என்பதே கேள்வி.

அடக்குமுறை எவ்வாறு நடந்தது என்பதை, அப்படையோடு இருந்த மருத்துவர்களான ஜோன் டேவியும் ஹென்றி மார்ஷலும் தம் நூல்களிற் பதிந்துள்ளனர். ஊர்கள் எரிக்கப்பட்டன. நெல்லும் களஞ்சியமும் அழிக்கப்பட்டன. மாடுகள் கொல்லப்பட்டன, பயன்தரு மரங்கள் வெட்டப்பட்டன. கடற்கரையைக் கையில் வைத்திருந்தவர்கள் உப்பு மலைக்கு ஏறாமல் தடுத்தனர். வெல்லச என்ற பெயருக்கு நூறாயிரம் வயல் என்று பொருள் கூறுவர். அவ்வயல்கள் காடாயின. கண்டி மக்களுள் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர் என்பது டேவியின் மதிப்பீடு. ஆங்கிலத் தரப்பிலும் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது நோயே.

பசியும் நெருப்பும் கிளர்ச்சியைத் தளர்த்தின என்பது உண்மை. ஆனால் அதன் முதுகெலும்பை முறித்தது வேறொன்று. 1818 செப்தெம்பரளவில், கிளர்ச்சிப் பிரதானிகளுள் ஒருவரான மடுகல்ல, அரசன் என்று போற்றப்பட்டவன் துரைசாமி அல்லன், வெறும் வில்பாவே ஊரான் என்பதை வெளிப்படுத்தி, அவனைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார். ஓராண்டுக் காலமாக எத்தனையோ பேர் எவன் பெயரைச் சொல்லி மாண்டார்களோ அவன் காலிலே மரம் பூட்டப்பட்டது. செய்தி பரவியதும் கூட்டம் கலைந்தது. பிரதானிகள் ஒவ்வொருவராகச் சரணடைந்தனர்.

இதனை ஒரு தனிமனிதனின் மோசடி என்று கூறி முடித்துவிட முடியாது. வில்பாவே ஒரு நாளும் போரை நடத்தியவனல்லன். அவனிடம் ஆற்றல் இருந்ததாக எவரும் எழுதவில்லை. அவன் செய்ததெல்லாம் பதவிகளைப் பங்கிட்டதே. கெப்பிட்டிப்பொலவையும் அவன்தான் மகா அதிகாராக்கினான்! ஆங்கிலேயர் தந்த திசாவைப் பதவியை உதறியவர், போலி அரசன் தந்த அதிகார் பதவியை ஏற்றார். ஏன்? நிலமானிய அமைப்பிலே அரசன் இல்லாமல் அதிகார் இல்லை. அதிகார் இல்லாமல் திசாவை இல்லை. திசாவையின் ஆணையின்றி ஊர் திரள்வதில்லை. எல்லா நிலமும் அரசனுடையது. எல்லா ஊழியமும் அரசனுக்கு. இச்சங்கிலியின் உச்சியில் ஒருவன் இருந்தே ஆகவேண்டும். யார் என்பதைக் காட்டிலும், ஒருவன் இருக்கிறான் என்பதே முக்கியம். வெற்றிடத்தைப் பொய்யினால் நிரப்பினர். போர் செய்யும் ஆற்றல் கெப்பிட்டிப்பொலவிடம் இருந்தது. தலைவன் என்ற இடம் வில்பாவேயிடம் இருந்தது. அவர் தம் ஆற்றலின் பெயராலே மக்களை அழைக்கவில்லை. அழைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவுமில்லை.

அழைத்திருந்தால் எதற்காக அழைத்திருப்பார் என்பதும் ஆராயத்தக்கது. பிரபுக்களின் மனக்குறைகள் நமக்குத் தெரிந்தவை: வெள்ளைச் சிப்பாய் கூடத் தமக்கு மரியாதை செய்யாமற் போகிறான், பழைய ஆணை செல்லவில்லை, விகாரைகளுக்கு அரச ஆதரவு குன்றிவிட்டது. இராசகாரியத்தின் பளுவைக் குறைப்போம், நிலத்தில் உழவனுக்கு உரிமை தருவோம் என்ற ஒரு சொல்லை அவர்கள் கூறியதில்லை. அன்றைய காலத்திற் கூறியிருக்க முடியுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வியே. நாம் அவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. உழவனுக்குத் தன் போராட்டத்தின் நோக்கம் அரசனின் முகமாக மட்டுமே காட்டப்பட்டிருந்தது. எனவே முகமூடி விழுந்ததும் அவன் கையில் ஒன்றும் எஞ்சவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

கெப்பிட்டிப்பொல ஒக்டோபர் 28ஆம் திகதி அனுராதபுரப் பகுதியிற் பிடிபட்டார். சில நாட்களில் மடுகல்லவும் பிடிபட்டார். மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட தந்ததாதுவும் ஆங்கிலேயர் கையிற் சிக்கியது. தாது எவரிடமோ நாடு அவருக்கே என்று மக்கள் நம்பியிருந்தமையால், படை வெற்றியினும் இதனையே ஆங்கிலேயர் பெரிதாக மதித்தனர். நவம்பர் 26ஆம் திகதி கெப்பிட்டிப்பொலவும் மடுகல்லவும் போகம்பறையிற் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அவரோடு பழகிய மார்ஷல், இறுதி வேளையில் அவர் காட்டிய அமைதியைக் குறித்துள்ளார். அதே மார்ஷலே அவரது மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்று, மண்டையோட்டு ஆராய்ச்சிச் சங்கமொன்றின் காட்சிசாலைக்குக் கொடுத்தார். மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்து மனிதனின் குணத்தைக் கூறலாம் என்று நம்பிய காலம் அது. தலைமைக்குரிய மேட்டை அவர்கள் எங்கே தேடினார்களோ! நாடு சுதந்திரமடைந்த பின்னரே அது கண்டிக்குத் திரும்பியது.

வில்பாவே தப்பியோடினான். பத்தாண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து பிடிபட்டபோதும் அவன் உயிர் போகவில்லை. ஆங்கிலேயர் கணக்கில் அவன் அஞ்சத்தக்கவன் அல்லன். அரசனாயிருந்தவனை மன்னித்தனர், அவனுக்கு அதிகாராயிருந்தவரின் தலையை வாங்கினர். இரண்டில் எது ஆற்றல், எது வெறும் இடம் என்பதை அந்த அளவுகோலே காட்டிவிடுகிறது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1848இல், மலைநாடு மீண்டும் எழுந்தது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும். இம்முறை குறை பிரபுவினுடையதன்று, உழவனுடையது. தலைமையும் பிரபுவிடமிருந்து வரவில்லை. 1818ஐத் தப்பிப் பிழைத்த குடும்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரின் நிழலில் ஒதுங்கிவிட்டன. கொங்காலேகொட பண்டா என்ற சாதாரண மனிதரும், கரையோர மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்புவும் முன்னின்றனர். பதவி என்ற ஒன்றை ஒரு நாளும் அறியாதவர்கள். என்றாலும் பழைய சங்கிலி அறுபடவில்லை: யூலை 26ஆம் திகதி தம்புள்ளையிலே பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். வரியை எதிர்ப்பதற்குக்கூட ஓர் அரசன் வேண்டியிருந்தது!

ஓகஸ்ற் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். தம்மைப் போல் தலைமை தாங்க ஆறு பேர் இருந்திருந்தால் கண்டி நாட்டில் ஒரு வெள்ளையனும் எஞ்சியிருக்கமாட்டான் என்று சாகும்போது அவர் கூறினார் எனத் தேசாதிபதி டொரிங்டன் இலண்டனுக்கு எழுதினார். அது உண்மையே என்றும் அவர் ஒப்புக்கொண்டார். ஓர் அரசன் இருந்திருந்தால் என்று புரன் அப்பு கூறவில்லை, அரசன் இருந்தான். தலைமை தாங்கத் தெரிந்த ஆறு பேரையே அவர் கேட்டார்.

1818 ஜனவரியில் ஆங்கில அரசாங்கம் கிளர்ச்சிப் பிரதானிகளைத் துரோகிகள் என அறிவித்திருந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின், 2016 டிசெம்பரில், இலங்கை அரசாங்கம் அவ்வறிவித்தலை நீக்கி, கெப்பிட்டிப்பொல உட்பட 19 பேரைத் தேசிய வீரர்களாகப் பிரகடனம் செய்தது. பின்னர் வேறு பெயர்களும் சேர்க்கப்பட்டன. செய்யவேண்டிய செயலே. அப்பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்த்தோம். பெரும்பாலும் பட்டங்களோடு கூடிய பெயர்கள். டேவி குறித்த 10,000 என்னும் தொகையோ எவரும் எண்ணி எழுதியதன்று. போர் முடிந்த பின் வெறுமையாய்க் கிடந்த ஊர்களைப் பார்த்து ஒரு மருத்துவர் செய்த மதிப்பீடு.